ஒரு வெல்டருக்கு ஓராண்டு போதுமா?

திருச்சியிலிருந்து தஞ்சாவூர் செல்லும் சாலையில், திருவெறும்பூர் தொடங்கித் துவாக்குடி வரையிலான சில கிலோமீட்டருக்குள் வெல்டிங் தொழில் முழுவதும் அடங்கியிருக்கிறது. எட்டாம் வகுப்பு முடித்த பிள்ளையை வெல்டர் பிரிவில் சேர்த்துக்கொள்ளும் அரசுத் தொழிற்பயிற்சி நிலையம் (ஐடிஐ) இங்கே உண்டு. செக்கோஸ்லோவாகியாவின் தொழில்நுட்ப உதவியோடு 1960-களில் எழுந்த, பொதுத்துறை நிறுவனமான பெல்லின் உயரழுத்தக் கொதிகலன் ஆலை இங்கேதான் இருக்கிறது. அந்த ஆலையின் ஓர் அங்கமாக, ஐ.நா. அமைப்புகளின் துணையோடு 1975-இல் தொடங்கப்பட்ட வெல்டிங் ஆராய்ச்சி நிறுவனமும் இங்கே. வெல்டிங் பொறியியலில் எம்.டெக். பட்டம் தரும் தேசியத் தொழில்நுட்பக் கழகம் சற்றுத் தள்ளி. இவற்றுக்கு நடுவே, பெல் தரும் வேலையை நம்பிப் பிறந்த ஃபேப்ரிகேஷன் பட்டறைகள் வரிசை வரிசையாக. இந்தியாவில் வெல்டிங் கற்க இதைவிடப் பொருத்தமான மண் இருக்கிறதா என்று தெரியவில்லை.

ஆனாலும் இதே மண்ணில், ஐடிஐயில் ஓராண்டு வெல்டர் படிப்பை முடித்துத் தேசியச் சான்றிதழோடு பட்டறை வாசலுக்கு வரும் இளைஞர்களில் பலர் முதல் டெஸ்ட்டிலேயே திரும்பிப் போகிறார்கள். இந்தத் தொழிலில் சான்றிதழை யாரும் முதலில் பார்ப்பதில்லை. காண்ட்ராக்டர் இரண்டு குழாய்த் துண்டுகளையும் ஒரு ஹோல்டரையும் கையில் கொடுத்து, “போட்டுக் காட்டு” என்பார். போட்ட இணைப்பைக் கிரைண்டிங் பண்ணி, பட்டைகளாக வெட்டி, வளைத்துப் பார்ப்பார்கள். எக்ஸ்ரே எடுப்பதும் உண்டு. விரிசலோ ஓட்டையோ தெரிந்தால் அன்றைக்கு அவ்வளவுதான். தோற்றவர் ஹெல்பராகச் சேர்ந்து கேபிள் இழுப்பார், கிரைண்டிங் பிடிப்பார். அல்லது அப்பா எங்கேயாவது கடன் வாங்கி, தனியார் பயிற்சி மையத்தில் பணம் கட்டி, அரசு ஏற்கெனவே கற்றுக்கொடுத்திருக்க வேண்டியதை மறுபடி படிக்க வைப்பார். பையன் சரியாகப் படிக்கவில்லை என்று வீட்டில் திட்டு விழும். அவன்மேல் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஓராண்டில் ஆகாத காரியத்தை ஓராண்டில் முடிக்கச் சொன்னது நாம்தான்.

அந்த டெஸ்ட் எதைக் கேட்கிறது என்று பார்ப்போம். தகட்டை மேசைமேல் படுக்கவைத்துப் பற்றவைப்பது 1ஜி எனப்படும் நிலை. சில வாரங்களில் கை பழகிவிடும். உருகிய இரும்பு தானாகவே குழிக்குள் உட்கார்ந்துகொள்ளும். தகட்டைச் செங்குத்தாக நிறுத்தினால் 3ஜி. உருகியது கீழே வழியப் பார்க்கும். தலைக்குமேலே வைத்தால் 4ஜி. அது சட்டைக் காலருக்குள் விழப் பார்க்கும். இந்த எல்லாவற்றையும் ஒன்றாக்கியது 6ஜி. குழாயை 45 பாகைச் சாய்வில் அசையாமல் பொருத்திவிடுவார்கள். குழாயைத் திருப்பக் கூடாது. வெல்டர்தான் அதைச் சுற்றி வர வேண்டும். அடியில் தலைக்குமேல் வேலையாகத் தொடங்குவது பக்கவாட்டில் செங்குத்தாக மாறி உச்சியில் படுக்கை நிலைக்கு வரும். ஒவ்வொரு அங்குலத்துக்கும் ராடு பிடிக்கும் கோணம், கை போகும் வேகம், ஆர்க்கின் நீளம் எல்லாம் மாறிக்கொண்டே இருக்கும். முதல் வரியான ரூட்டை ஆர்கான் வெல்டிங்கில் போடுவார்கள். அது குழாயின் உட்புறம் சீராக ஊடுருவி நிற்க வேண்டும். குறைந்தாலும் குற்றம், உள்ளே தொங்கினாலும் குற்றம். அதன்மேல் நிரப்பும் வரிகள், கடைசியாகக் கேப்பிங். இதில் தேறியவருக்குக் கடினமான எந்த நிலையிலும் வேலை செய்யத் தகுதி உண்டு என்று உலகம் முழுக்க ஒப்புக்கொள்கிறார்கள்.

கொதிகலன் வேலை இன்னும் ஒரு படி மேலே. ஓர் அனல்மின் நிலையக் கொதிகலனில் பல்லாயிரம் குழாய் இணைப்புகள். குழாய்கள் நெருக்கி நெருக்கி நிற்கும். பின்பக்கம் கையும் போகாது, தலையும் போகாது. வெல்டர் ஒரு சிறிய கண்ணாடியை அங்கே வைத்து, அதில் தெரியும் பிம்பத்தைப் பார்த்துப் பற்றவைப்பார். பிம்பத்தில் இடம் வலமாகத் தெரியும். கை அதற்கேற்பப் பழகியிருக்க வேண்டும். நவீன அனல்மின் நிலையங்களில் பயன்படும் டி91 போன்ற உலோகக் கலவை என்றால், பற்றவைக்கும் முன் 200 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடேற்ற வேண்டும். முடிந்தபின் 750 டிகிரிக்கு மேல் குறிப்பிட்ட நேரம் வைத்து மெல்ல ஆறவிட வேண்டும். அவசரப்பட்டால் இணைப்பு கண்ணாடிபோல நொறுங்கும் தன்மை பெற்றுவிடும்.

வெல்டிங்கில் தவறு பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாது. இதை வெளியில் இருப்பவர்கள் அவ்வளவாக உணர்வதில்லை. 7018 என்ற ராடு கட்டுமான வேலைகளிலும் அழுத்தக் கலன்களிலும் அன்றாடம் புழங்குவது. அதன் மேல்பூச்சு காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். ஈரமான ராடை அடுப்பில் வைத்து உலர்த்தாமல் பயன்படுத்தினால், ஈரத்திலுள்ள ஹைட்ரஜன் உருகிய இரும்புக்குள் போய் ஒளிந்துகொள்ளும். மேலே பளபளவென்று அழகான வரி. சில மணி நேரமோ ஓரிரு நாளோ கழித்து உள்ளே விரிசல் விடும். அதனால்தான் முக்கியமான வேலைகளில் பற்றவைத்து 48 மணி நேரம் ஆனபின்பே சோதிக்கிறார்கள்.

1980 மார்ச் 27 அன்று வட கடலின் நார்வே பகுதியில், எண்ணெய்த் தொழிலாளர்கள் தங்கியிருந்த அலெக்சாண்டர் கீலாண்ட் என்ற மிதவை மேடை கவிழ்ந்தது. அதில் இருந்த 212 பேரில் 123 பேர் இறந்தார்கள். முறிவு எங்கே தொடங்கியது என்று விசாரணையில் தேடியபோது, கடலடி ஒலியை வாங்கும் கருவிக்கான ஒரு சிறு தாங்கியை மேடையின் குறுக்குச் சட்டத்தோடு இணைத்த 6 மில்லிமீட்டர் வெல்டிங்கில் போய் முடிந்தது. எடை தாங்கும் இணைப்பே அல்ல என்று நினைத்து யாரோ போட்டது. முறிந்த பரப்பில் பெயின்ட் தடம் இருந்தது. அதாவது மேடை கட்டப்பட்ட காலத்திலேயே அங்கே விரிசல் இருந்திருக்கிறது. அதன்மேல் பெயின்ட் அடித்து அனுப்பியிருக்கிறார்கள். இந்த வேலைக்கு வரும் பையனுக்கு நாம் கொடுக்கும் பயிற்சியை எவ்வளவு கடுமையாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்பதற்கு இதைவிட வேறு சான்று எனக்குத் தெரியவில்லை.

இப்போது நம் பாடத்திட்டத்துக்கு வருவோம். 1950-இல் தொடங்கிய மத்திய அரசின் கைவினைஞர் பயிற்சித் திட்டத்தின்கீழ் வரும் வெல்டர் படிப்பு ஓராண்டு. மொத்தம் 1,200 மணி நேரம். அதில் செய்முறைக்கு 840. இந்த 840 மணி நேரத்துக்குள் கேஸ் வெல்டிங், கேஸ் கட்டிங், கை ஆர்க், ஆர்கான், சிஓ2, பிரேசிங், வார்ப்பிரும்பு, துருப்பிடிக்காத எஃகு, அலுமினியம், குழாய் வேலை என்று எல்லாவற்றையும் தொட வேண்டும். எதையும் விட்டுவிடக் கூடாது என்று பட்டியல் போட்டவர்களின் எண்ணம் புரிகிறது. ஆனால் ஒரு வெல்டிங் பூத்துக்கு இரண்டு மாணவர்கள் என்றால் தலைக்கு 420 மணி நேரம்தான். அதிலும் தகடு வெட்ட, கிரைண்டிங் பண்ண, டேக் வைக்க, ஸ்லாக் தட்ட நேரம் போகும். ராடு நுனியில் உண்மையில் தீ எரிந்த நேரம் எவ்வளவு தேறும்? 6ஜி-யைச் சுற்றி வரக் கை பழக, அதில் ஒரு சின்னப் பங்குதான் மிஞ்சும்.

அந்தப் பங்கும் ராடு இருந்தால்தான் கிடைக்கும். வெல்டிங் படிப்பு மற்றப் படிப்புகளைப் போன்றதல்ல; பொருளை எரித்துத்தான் கற்க முடியும். லேத்தில் ஒரு முறை வாங்கிய இயந்திரம் பத்தாண்டு பாடம் சொல்லும். இங்கே ஒவ்வொரு பாடத்துக்கும் ராடு தீரும், ஆர்கான் சிலிண்டர் தீரும், தகடு தீரும், மின்சாரம் ஓடும். கட்டடமும் இயந்திரமும் ஒருமுறைச் செலவு என்பதால் நிதி ஒதுக்குவது எளிது. படமெடுத்துத் திறப்பு விழாவும் நடத்தலாம். ராடு வாங்குவது மாதாமாதம் வரும் செலவு. எந்த அலுவலகத்திலும் முதலில் சுருங்குவது அந்த வரிதான். ஒரே தகட்டில் இருபக்கமும் போட்டு, போட்டதன்மேலேயே மறுபடி போட்டுப் பழகும் மாணவனுக்கு, ஓர் உண்மையான இணைப்பின் இடைவெளியை எப்படி நிரப்புவது என்பது டெஸ்ட் அன்றுதான் முதன்முதலாக எதிர்ப்படுகிறது.

தமிழக அரசு ஐடிஐக்களைக் கைவிட்டுவிட்டது என்று யாரும் சொல்ல முடியாது. டாடா டெக்னாலஜிஸ் நிறுவனத்தோடு சேர்ந்து 71 அரசு ஐடிஐக்களைச் சுமார் 2,877 கோடி ரூபாயில் நவீனப்படுத்தும் திட்டம் நடந்திருக்கிறது. தொழிற்சாலை ரோபோ, சிஎன்சி, மின்சார வாகனம் என்று புதிய பிரிவுகள் வந்துள்ளன. மாணவர்களுக்கு மாதம் 750 ரூபாய் உதவித்தொகை, சைக்கிள், சீருடை, பஸ் பாஸ் கிடைக்கின்றன. அரசுப் பள்ளியிலிருந்து வருபவர்களுக்குப் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களின்கீழ் மாதம் 1,000 ரூபாயும் சேர்கிறது. கூலி வேலைக்குப் போகவேண்டிய பிள்ளையை வகுப்பில் உட்காரவைப்பது இந்தப் பணம்தான். இதைக் குறைத்துப் பேசுவது பாவம். என் கேள்வி வேறு. ரோபோவை வாங்கித் தந்த கை, அதே வளாகத்தின் வெல்டிங் கூடத்துக்கு வாரம் எத்தனைப் பெட்டி ராடு அனுப்புகிறது? ஐடிஐ ஆய்வுக்குப் போகும் அதிகாரி இந்தக் கணக்கைத்தான் முதலில் கேட்க வேண்டும். மாணவர் ஒருவருக்கு இத்தனை கிலோ ராடு, இத்தனைக் குழாய்த் துண்டு, அவற்றில் இத்தனை வெட்டி வளைத்துப் பார்க்கப்பட்டது என்று ஒரு பதிவேடு இருந்தால், அந்த ஐடிஐயின் தரம் அதிலேயே தெரிந்துவிடும்.

சிமுலேட்டரில் பழகினால் போதாதா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். கோணமும் வேகமும் பழக, முதல் வாரங்களில் அது நல்ல கருவி. பொருள் மிச்சமாகும், பயமும் தெளியும். ஆனால் உருகிய குழம்பின் நிறத்தைப் பார்த்துச் சூட்டை அறிவதும், ஆர்க்கின் சத்தம் மாறும்போதே நீளம் கூடிவிட்டது என்று உணர்வதும், புகைக்கு நடுவில் மூச்சைப் பிடித்துக்கொண்டு கையை ஆடாமல் வைப்பதும் திரையில் வராது.

ரோபோ வந்துவிட்டதே, இந்த வேலை எத்தனை நாளைக்கு என்ற கேள்வியும் பெற்றோரிடம் இருக்கிறது. நியாயமான கவலைதான். இருங்காட்டுக்கோட்டையிலும் ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்திலும் கார் உடலின் ஸ்பாட் வெல்டிங்கை ரோபோக்கள் செய்கின்றன. பெரம்பூர் ரயில் இணைப்புப் பெட்டித் தொழிற்சாலையிலும் தானியங்கி வெல்டிங் வந்துவிட்டது. ஒரே மாதிரியான இணைப்பை ஆயிரம் முறை போடும் இடத்தில் மனிதக் கைக்கு வேலை குறையும். ஆனால் கசியும் கொதிகலன் குழாயை மாற்ற, கடலோரத்தில் கப்பலின் அடிப்பாகத்தைச் சீர்செய்ய, சுத்திகரிப்பு ஆலையின் ஷட்டவுன் நாட்களில் இரவு பகலாகக் குழாய் இணைக்க ரோபோவைத் தூக்கிக்கொண்டு போக முடியாது. ரோபோவுக்குக் கட்டளை எழுதுபவருக்கும் நல்ல இணைப்பு எது, கெட்ட இணைப்பு எது என்று தெரிந்திருக்க வேண்டும். கையில் தொழில் உள்ள வெல்டரே நாளை அந்த இடத்துக்குப் போகத் தகுந்தவர். ஆபத்தில் இருப்பது 1ஜி போன்ற எளிய நிலைகளோடு நின்றுபோனவரின் வேலை. நம் ஓராண்டுப் படிப்பு பெரும்பாலான பிள்ளைகளை அங்கேதான் நிறுத்துகிறது.

ஓராண்டு என்பதால் மூடும் கதவுகள் இன்னும் இரண்டு உண்டு. பத்தாம் வகுப்போடு இரண்டாண்டு ஐடிஐ முடித்த ஃபிட்டர், பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டு சேரலாம். வெல்டருக்கு அந்த வழி இல்லை. வெளிநாடு போகலாம் என்றால், பத்தாம் வகுப்புத் தேறாதவரின் பாஸ்போர்ட், குடியேற்ற அனுமதி தேவைப்படும் பிரிவில் வருகிறது. வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குப் போக அந்த அனுமதி வாங்கியாக வேண்டும். அங்கீகாரம் பெற்ற இரண்டாண்டுத் தொழிற்படிப்பு முடித்தவருக்கு விலக்கு உண்டு. எட்டாம் வகுப்போடு ஓராண்டு வெல்டர் படித்தவருக்கு இல்லை. ஏமாற்றப்படாமல் காப்பதற்காக வந்த ஏற்பாடுதான் அது. நடைமுறையில் அது முறைகேடான ஏஜென்டுகளிடம் பிள்ளைகளைத் தள்ளிவிடுகிறது. பதிவுபெற்ற முகவர் 30,000 ரூபாய்க்கும் அதற்கான வரிக்கும் மேல் வாங்கக் கூடாது என்பது விதி. இந்த விதியைக் கேள்விப்பட்ட குடும்பங்களை விரல்விட்டு எண்ணலாம். ஐடிஐயின் கடைசி மாதத்தில் இதை ஒரு பாடமாகவே சொல்லிக்கொடுக்கலாம்.

ஆகவே, வெல்டர் படிப்பை இரண்டு ஆண்டாக்குங்கள் என்பதே என் கோரிக்கை. இதற்காகப் புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. குழாய் வெல்டர், கட்டுமான வெல்டர், ஆர்கான்-சிஓ2 வெல்டர், வெல்டிங்கும் ஆய்வும் என்று தனித்தனி ஓராண்டுப் பிரிவுகள் தேசியப் பட்டியலில் ஏற்கெனவே இருக்கின்றன. அவை ஒன்றுக்கொன்று மாற்றாக, பக்கம் பக்கமாக நிற்கின்றன. முதல் ஆண்டு எல்லாருக்கும் பொதுவான அடிப்படை, இரண்டாம் ஆண்டு இவற்றில் ஒன்று என்று மேலே மேலே அடுக்கினால், இரண்டாண்டுச் சான்றிதழ் தானாக வந்துவிடும். பாலிடெக்னிக் கதவும் திறக்கும். அவசரமாக வேலைக்குப் போகவேண்டிய பிள்ளை முதல் ஆண்டோடு நிறுத்திக்கொள்ளவும், பிறகு திரும்பி வரவும் இடம் வைக்க வேண்டும். குடும்ப நிலைமை எல்லாருக்கும் ஒன்றல்ல.

இரண்டாம் ஆண்டின் பாதியையாவது பட்டறையில் கழிக்கலாம். 1961-ஆம் ஆண்டின் தொழில் பழகுநர் சட்டம் இருக்கிறது. அதன் விதிகளில் 2019-இல் வந்த திருத்தம் ஐடிஐ முடித்தவருக்கு மாதம் 7,000 ரூபாயைக் குறைந்தபட்ச உதவித்தொகையாக வைத்தது. துவாக்குடியின் சிறு பட்டறைகளுக்கு அது சிறிய தொகையல்ல. அனல்மின் நிலைய ஆர்டர்கள் குறைந்த ஆண்டுகளில் அங்கே எத்தனையோ ஷெட்டுகள் பூட்டிக் கிடந்தன. பிழைத்து நின்ற உரிமையாளரிடம் போய், பழகுநரை வைத்துச் சொல்லிக்கொடு, சம்பளமும் கொடு என்பது எளிதல்ல. உதவித்தொகையில் பெரும்பங்கை அரசே ஏற்றால் அவர் கதவைத் திறப்பார். அங்கேயிருக்கும் மூத்த வெல்டர்களிடம் உள்ள கைத்திறன் எந்தப் பாடநூலிலும் இல்லை. ஐம்பதைத் தாண்டியதும் கண் மங்கி, இடுப்பு வலித்து, அவர்கள் வேலையை விட்டுப் போகிறார்கள். உரிய சான்றிதழ்கள் இல்லை என்பதற்காக அவர்களைப் பயிற்றுநர் பணிக்கு எடுக்காமல் விடுகிறோம். மணிக்கு இவ்வளவு என்று கொடுத்து அவர்களை ஐடிஐ கூடத்துக்கு அழைத்துவர விதிகளில் இடம் செய்தாக வேண்டும்.

உடம்பைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் பேச்சு முடியாது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2017-இல் வெல்டிங் புகையை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உறுதிப்பட்டவற்றின் வகையில் சேர்த்தது. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வேலையில் குரோமியம் நஞ்சாக வெளிவரும். ஜிஐ குழாயைப் பற்றவைத்த அன்று மாலை குளிரும் காய்ச்சலும் வருவது துத்தநாகப் புகையால். வெறுங்கண்ணால் ஆர்க்கைப் பார்த்தவர் நள்ளிரவில் கண்ணில் மணல் கொட்டியதுபோல எழுந்து உட்கார்வார். வெட்டிய உருளைக்கிழங்கைக் கண்மேல் வைத்துக்கொண்டு விடியும்வரை காத்திருக்கும் வீடுகள் நம் ஊரில் இன்றும் உண்டு. தெருவோர கிரில் பட்டறையில் ரப்பர் செருப்போடு, கூலிங் கிளாஸை மாட்டிக்கொண்டு வேலை செய்யும் பையனை நாம் தினமும் கடந்துதான் போகிறோம். தோல் ஏப்ரனும் கையுறையும் சரியான ஹெல்மெட்டும் பழக்கமாக வேண்டிய இடம் பயிற்சிக் கூடம். அங்கே ஒரே ஹெல்மெட்டை நான்கு பேர் மாற்றி மாற்றி மாட்டினால், புகை வெளியேற்றும் விசிறி ஓடாமல் நின்றால், பாதுகாப்பு என்பது பரீட்சைக்கு எழுதும் பதில் என்றுதான் அவர்கள் எடுத்துக்கொள்வார்கள். இயந்திரத்துக்கு ஒதுக்கும் பணத்துக்கு முன்னால் இதற்கு ஒதுக்க வேண்டும்.

பெண் பிள்ளைகள் இந்தப் பிரிவில் அரிதாகவே சேர்கிறார்கள். ஆர்கான் வெல்டிங்குக்கு வேண்டியது பொறுமையும் நிதானமான கையும். பராமரிக்க ஆளில்லாத கழிப்பறையும், இருட்டிய பின் பஸ் இல்லாத சிப்காட் சாலையும்தான் அவர்களைத் தடுக்கின்றன. வேலையின் தன்மை தடுக்கவில்லை.

கடைசியாக, டெஸ்ட். கொதிகலன் வேலைக்கு வெல்டர்கள் இந்தியக் கொதிகலன் விதிகளின்படி தேர்வெழுதித் தனியாகத் தகுதி பெற வேண்டும். அமெரிக்க விதிகளின்படி நடக்கும் வேலைகளில், ஒருவர் ஒரு வெல்டிங் முறையை ஆறு மாதம் கையால் தொடவில்லை என்றால் அந்தத் தகுதியே காலாவதியாகிவிடும். அதாவது உலகம் கேட்பது இந்த மாதக் கையை. ஐடிஐயின் இறுதித் தேர்வும் அப்படியே நடக்கட்டும். வெளியிலிருந்து வரும் ஆய்வாளர் முன்னிலையில் மாணவர் குழாய்த் துண்டைப் பற்றவைக்கட்டும். எக்ஸ்ரேயும் வளைவுச் சோதனையும் அரசுச் செலவில் நடக்கட்டும். எந்த நிலை, எந்த உலோகம், எந்த முறை என்று முடிவு சான்றிதழிலேயே அச்சாகட்டும். தோற்றவர் மூன்று மாதம் கழித்து இலவசமாக மறுபடி எழுத வாய்ப்பும், அதுவரை மாலை வேளைகளில் வந்து பழக ஒரு பூத்தும், ராடும் வேண்டும். வெல்டிங் ஆராய்ச்சி நிறுவனம், கொதிகலன் இயக்ககம், வேலைவாய்ப்பு மற்றும் பயிற்சித் துறை மூன்றும் ஒரு மேசையில் உட்கார்ந்தால் அடுத்த சேர்க்கைக்குள் திருவெறும்பூரிலேயே இதைத் தொடங்கிவிடலாம். ஒரு மாணவருக்கான சோதனைச் செலவு, அவருடைய அப்பா தனியார் மையத்துக்குக் கட்டக் கடன் வாங்கும் தொகையில் ஒரு பங்குகூட வராது.